ஆய்வுச் செய்தியில் தலைப்பு விழுங்கிவிடும் நிபந்தனைகள்

எந்த ஆய்வு முடிவும் தனியாக வருவதில்லை. இத்தனை பேரிடம் பார்த்தோம், இந்த வெப்பநிலையில் அளந்தோம், இந்தக் கணிப்பு மாதிரி சரி என்று வைத்துக்கொண்டால் இப்படி என்று ஒரு நிபந்தனை கூடவே வரும். செய்தியின் தலைப்பில் அதற்கு இடமிருக்காது. அப்புறம் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது தலைப்பு மட்டுமே மிஞ்சும். ஆய்வுச் செய்திகளைப் படிப்பதில் நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, விட்டுப்போன அந்த நிபந்தனையைத் தேடிப் பார்க்காததால் வருபவைதான்.

முதல் அறிவிப்பையே முடிவாக எடுத்துக்கொள்வது இதில் மிகப் பழைய தவறு. 2023 ஜூலையில் தென் கொரிய ஆய்வாளர்கள் சிலர், எல்கே-99 என்ற பொருள் சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலையையும் தாண்டி 127 டிகிரி செல்சியஸ் வரை மீக்கடத்தியாக இருக்கிறது என்று அறிவித்தார்கள். ஈயமும் பாஸ்பேட்டும் கொண்ட ஒரு கனிமத்தில் கொஞ்சம் செம்பைப் புகுத்திச் செய்த பொருள் அது. மின்தடை துளியும் இல்லாத பொருளை மீக்கடத்தி என்கிறோம். இன்று ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ கருவிகளில் இருக்கும் மீக்கடத்திக் கம்பிகளை மைனஸ் 269 டிகிரியில் உள்ள திரவ ஹீலியத்தில் வைத்துத்தான் வேலை வாங்க முடிகிறது. குளிரூட்டாமலே அது நடக்கும் என்றால் உலகம் துள்ளிக் குதிக்காதா? காந்தத்தின் மேல் ஒரு கறுப்புத் துண்டு பாதி எழும்பி நிற்கும் வீடியோ எல்லா இடத்திலும் ஓடியது.

அடுத்த சில வாரங்களில் நடந்ததுதான் எனக்கு அந்த வீடியோவை விட அழகாகப் படுகிறது. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அதே செய்முறைப்படி அந்தப் பொருளைச் செய்து பார்த்தது. மீக்கடத்துத்தன்மை எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின், மின்தடை சட்டென்று விழுவதாகச் சொல்லப்பட்ட வெப்பநிலையைக் கவனித்தார். கிட்டத்தட்ட 104 டிகிரி. செம்பு சல்பைடு தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலையும் அதுதான். எல்கே-99 செய்யும்போது துணைவிளைவாக உருவாகி உள்ளே தங்கிவிடும் மாசு செம்பு சல்பைடு. சீன ஆய்வாளர்கள் அந்தச் சல்பைடைத் தனியாக அளந்து, அதன் மின்தடையும் அப்படியே சரிவதைக் காட்டினார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தார் மாசில்லாத படிகமாகவே அதை வளர்த்துப் பார்த்தார்கள். வந்தது ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் படிகம். அது மின்சாரத்தையே கடத்தவில்லை. பாதி எழும்பி நின்றதற்கும் சாதாரணக் காந்தத்தன்மையே போதுமான விளக்கமாக இருந்தது.

அந்த முதல் கட்டுரை ஆர்கைவ் தளத்தில் வந்தது. மற்ற அறிஞர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே கட்டுரையைப் போட்டுவைக்கும் இடம் அது. அப்படியானால் பெரிய இதழில் வந்தால் நம்பலாமா? அதுவும் போதாது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரங்கா டயஸ் குழு, அறை வெப்பநிலை மீக்கடத்தி பற்றி எழுதிய இரண்டு கட்டுரைகளை நேச்சர் இதழ் வெளியிட்டது. ஒன்றை 2022 செப்டம்பரிலும் மற்றொன்றை 2023 நவம்பரிலும் அதே இதழ் திரும்பப் பெற்றது. எங்கே அச்சானது என்பதை விட, தொடர்பில்லாத வேறொரு ஆய்வகத்தில் அதே முடிவு கிடைத்ததா என்று கேட்பதுதான் பயன் தரும்.

அடுத்தது, வெறும் தற்செயலால் ஒரு முடிவு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அளக்கும் சிக்மா கணக்கைத் தலைகீழாகப் படிப்பது. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு கே2-18பி பற்றி வெளியிட்ட முடிவு இதற்குச் சரியான உதாரணம். பூமியிலிருந்து 124 ஒளியாண்டு தொலைவில், சிம்ம ராசி இருக்கும் திசையில் உள்ள கோள் அது. அதன் காற்றில் டைமெத்தில் சல்பைடு அல்லது அதையொத்த ஒரு மூலக்கூறின் தடயம் தெரிவதாக, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவை வைத்துச் சொன்னார்கள். பூமியில் டைமெத்தில் சல்பைடைப் பெரும்பாலும் கடலின் நுண்பாசிகள்தான் உண்டாக்குகின்றன. முடிவின் உறுதி மூன்று சிக்மா. உடனே, உயிர் இருக்க 99.7 சதவீத வாய்ப்பு என்று பலர் எழுதினார்கள்.

மூன்று சிக்மா சொல்வது அது இல்லை. அந்த மூலக்கூறு அங்கே இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தற்செயலான ஏற்ற இறக்கத்தாலேயே இப்படி ஒரு தடயம் தெரிவதற்கு 0.3 சதவீத வாய்ப்பு உண்டு என்று மட்டுமே அது சொல்கிறது. தடயம் உண்மையாகவே இருந்தாலும் இன்னும் இரண்டு படி பாக்கி. அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் வேறொரு மூலக்கூறாக அது இருக்கலாம். அதே மூலக்கூறு என்றே ஆனாலும், உயிர் இல்லாமல் அது உண்டாகாது என்று சொல்ல முடியாது. ரோசெட்டா விண்கலம் ஆராய்ந்த 67பி வால்நட்சத்திரத்தில் டைமெத்தில் சல்பைடு இருப்பது 2024-இல் தெரியவந்தது. அங்கே பாசி ஏது? கே2-18பி தரவை வேறு குழுக்கள் தனியாக அலசிப் பார்த்து, அந்த மூலக்கூறு இருப்பதாகச் சொல்லச் சான்று போதாது என்று எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் குழுவே, கண்டுபிடிப்பு என்று ஏற்க வழக்கமாகக் கேட்கப்படும் ஐந்து சிக்மாவை எட்ட மேலும் 16 முதல் 24 மணி நேரம் நோக்க வேண்டியிருக்கும் என்று அப்போதே சொல்லியிருந்தது. தலைப்புகளில் அந்த வரி வரவில்லை.

சரி, ஐந்து சிக்மா வந்துவிட்டால் நிம்மதியா? 2011 செப்டம்பரில் ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழுவுக்குக் கிடைத்தது ஆறு சிக்மா. ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் உள்ள கருவிக்கு வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளி வர வேண்டிய நேரத்தை விட 60 நானோ நொடி முந்தி வந்ததாகக் கணக்கு காட்டியது. காரணம், சரியாக முடுக்கப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள் இணைப்பு. அதே மலைக்கடியில் இருந்த ஐகாரஸ் கருவி 2012-இல் தானும் அளந்து, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்று காட்டியது. தராசின் முள் கோணலாக இருந்தால் நூறு தடவை நிறுத்தாலும் ஒரே தப்பான எடைதான் வரும். சிக்மா தற்செயலைத்தான் கணக்கில் எடுக்கிறது, கருவியின் கோளாறை அல்ல. ஓபரா குழுவினர் ஐன்ஸ்டைன் தோற்றார் என்று அறிவிக்கவில்லை. எங்கே தப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள். அந்த நேர்மைக்கு உரிய மதிப்பை நாம் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

மருத்துவச் செய்திகளில் வரும் தவறு உடம்பையும் பணத்தையும் தொடுவதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். அல்சைமர் மறதிநோய்க்கான லெக்கானிமாப் மருந்து, நோய் மோசமாகும் வேகத்தை 27 சதவீதம் குறைக்கிறது என்று 2022 கடைசியில் செய்தி வந்தது. பொய்யில்லை. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த பரிசோதனை அது. நோயின் தீவிரத்தை அளக்க அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் 0 முதல் 18 வரை போகும். மருந்தில்லாத திரவம் ஏற்றப்பட்டவர்கள் அதில் 1.66 புள்ளி மோசமானார்கள், மருந்து ஏற்றப்பட்டவர்கள் 1.21 புள்ளி. வித்தியாசம் 0.45. இரண்டு பக்கமும் நோய் முற்றிக்கொண்டேதான் போயிற்று. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது; மற்றவர்களில் 1.7 சதவீதம். பல வருடத் தோல்விகளுக்குப் பிறகு நோயின் வேகத்தைக் குறைத்த மருந்து என்ற வகையில் இது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அப்பாவுக்கு இதைத் தரலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு 27 என்ற எண்ணை விட 0.45-உம் 12.6-உம் தான் உதவும்.

சதவீதம் கூடியது, குறைந்தது என்று சொன்னால், எதிலிருந்து என்று கேளுங்கள். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய ஆறு பேர் ஆகும், அவ்வளவுதான். அந்த இறைச்சியை அவர்கள் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்ததும், இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்பவை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பது வேறு கணக்கு.

எலியில் குணமானது மனிதரில் குணமாகும் என்று எடுத்துக்கொள்வதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். செய்தியில் எலி என்ற சொல் எத்தனையாவது பத்தியில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். லேசான அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவு பற்றிய செய்திகளில் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல்.

இத்தனையும் படித்துவிட்டு, விஞ்ஞானிகள் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று சொல்வார்கள் என்று ஒதுக்கிவிடுவதும் தவறுதான். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கி ஒன்று 2024 ஒய்ஆர்4 என்ற குறுங்கோளைக் கண்டது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 ஜனவரி கடைசியில் ஒரு சதவீதத்தைத் தாண்டியது. 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் ஆனது. அடுத்த ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய பூஜ்யம். பயமுறுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். குறுங்கோள் அன்றைக்கு எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்பதை ஒரு நீண்ட பட்டையாகக் கணக்கிடுவார்கள். புதிய நோக்கல்கள் வர வர அந்தப் பட்டை சுருங்கும். பூமி அதற்குள் இருக்கும் வரை, சுருங்கிய பட்டையில் பூமியின் பங்கு கூடிக்கொண்டே போகும். பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டி நகர்ந்ததும் பங்கு சட்டென்று பூஜ்யமாகும். 3.1 சொன்ன அன்றைக்கு இருந்த தரவுக்கு அதுவே சரியான விடை.