கம்ப்யூட்டர டிவியில மாட்டினா படம் மங்கலா வருதா?

எச்டிஎம்ஐ வயர் குத்துனதும் டாஸ்க்பார் ஓரம் வெட்டுப்பட்டு எழுத்தெல்லாம் கலங்கலா தெரிஞ்சா அது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்த பெருசாக்கி ஓரத்த வெட்டுறது, டிவி மெனுவுல பிக்சர் சைஸ் போய் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட் மாதிரி எது இருக்கோ அத வைங்க, பேரு கம்பெனிக்கு கம்பெனி மாறும். கம்ப்யூட்டர்ல ரெசல்யூஷன டிவியோட சொந்த அளவுலயே வைங்க, ஃபுல் எச்டின்னா 1920க்கு 1080.

அடுத்தது நெறைய பேர் கண்டுக்காத விஷயம், கலர் ரேஞ்ச், அதாவது கறுப்புல இருந்து வெள்ள வரைக்கும் எந்த எண்ணுல இருந்து எந்த எண்ணு வரைக்கும்ங்கறது. கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரைக்கும் அனுப்பி டிவி 16 முதல் 235னு எதிர்பார்த்தா இருட்டு சீன்ல ஒண்ணுமே தெரியாது, உல்டாவா இருந்தா கறுப்பெல்லாம் சாம்பலா வெளுத்துடும், அதனால கிராபிக்ஸ் செட்டிங்லயும் டிவியிலயும் ஒரே மாதிரி வைங்க, முக்கால்வாசி பிரச்சன இங்கயே முடிஞ்சிடும்.

கேமரா நகரும்போது படம் திக்குதா? சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம், நீங்க 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 60 தடவ படம் மாறுற ரெஃப்ரெஷ் ரேட்ல ஓட்டுறீங்க. கோடி (Kodi)ங்கற வீடியோ ப்ளேயர் சாஃப்ட்வேர்ல வீடியோவுக்கு ஏத்த மாதிரி ரெஃப்ரெஷ் ரேட் தானா மாற ஆப்ஷன் இருக்கு, ஆன் பண்ணிடுங்க.

ஷார்ப்னெஸ் நல்லா கொறைங்க. விவிட் மோட் கடையில பாக்கத்தான் லாயக்கு, ராத்திரி மூவி மோட் போதும், ஆனா வேலூர் சத்துவாச்சாரி மாடி வீட்ல சித்திர மாச மத்தியான வெயில்ல இன்னா மோட் வெச்சாலும் மொதல்ல ஜன்னலுக்கு ஸ்க்ரீன் போடுங்க.