கொசு பேட்டுக்கு யூஎஸ்பி வைக்கிறீர்களா? கவனிக்க வேண்டிய தவறுகள்

செத்துப்போன கொசு பேட் ஒன்றாவது பரணில் கிடக்காத வீடு அபூர்வம். வலை நன்றாக இருக்கும், சுவிட்ச் வேலை செய்யும், பேட்டரி மட்டும் போயிருக்கும். அல்லது கைப்பிடிக்குள்ளிருந்து தள்ளினால் வெளியே வருமே, அந்த இரட்டைப் பின் உடைந்திருக்கும். ‘செல்போன் சார்ஜர் ஒயரையே இதற்கும் போட்டால் என்ன?’ என்று தோன்றுவது அப்போதுதான். நல்ல யோசனைதான். நானும் நாலைந்து பேட்டை இப்படி மாற்றியிருக்கிறேன். அதில் முதல் இரண்டும் குப்பைக்குப் போயின.

திறப்பதற்கு முன்பே ஒரு தவறு காத்திருக்கிறது. பட்டனை விட்டதும் வலையில் மின்சாரம் போய்விடுவதில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் நடு வலையையும் வெளி வலையையும் ஒருமுறை சேர்த்துத் தொடுங்கள். ‘பட்’டென்று சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். எதுவானாலும் அதற்குப் பிறகுதான் திருகாணியில் கை வைக்க வேண்டும்.

அடுத்ததுதான் உயிருக்கே உலை வைக்கும் தவறு: ‘பழைய பிளக்கும் இருக்கட்டும், யூஎஸ்பியும் இருக்கட்டும்’ என்று இரண்டையும் விட்டுவைப்பது. பழைய பேட்டுகளின் சார்ஜ் பகுதியில், மெயின்ஸைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டு 230 வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டர் வழியாக நெருக்கி, ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் நாலு டயோடில் நேராக்கி, அப்படியே பேட்டரியில் கொடுத்துவிடுவார்கள். 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 70 மில்லிஆம்பியர் போகும், அவ்வளவுதான் அதன் வேலை. வோல்டேஜ் குறைந்த மாதிரி தெரிந்தாலும், பிளக்கைச் சொருகியிருக்கும் நேரத்தில் பேட்டரியின் இரு முனையும் மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்தான் இருக்கின்றன. முழுக்க பிளாஸ்டிக்குள் மூடியிருக்கும் வரை நமக்கு அது உறைப்பதில்லை. நீங்கள் வைக்கும் யூஎஸ்பி சாக்கெட்டின் உலோக ஓடோ பேட்டரியின் மைனஸோடு சேர்ந்தது, அதுவும் வெளியே தெரிகிற இடத்தில். யாராவது பழைய பழக்கத்தில் பின்னைச் சுவரில் சொருகினால், அந்த ஓட்டைத் தொடும் விரலில் மெயின்ஸ் ஏறும். எனவே பின், அதையடுத்த இந்தச் சார்ஜ் கெப்பாசிட்டர், அந்த நாலு டயோடு எல்லாவற்றையும் பிடுங்கி எறியுங்கள். பின் வந்த ஓட்டையையும் அடைத்துவிடுங்கள்.

இனி பேட்டரி. இங்கேதான் என் முதல் பேட் போனது. கடையில் டிபி4056 என்று ஒரு சின்ன போர்டு கிடைக்கும், யூஎஸ்பி வாயோடு சேர்த்து. அதை வாங்கி, பழைய 4 வோல்ட் பேட்டரியில் பற்றவைத்துவிட்டேன். விளக்கு எரிந்தது, பேட்டும் அடித்தது. இரண்டு மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டது. காரணம் எளிது. அந்தப் போர்டு லித்தியம் செல்லுக்கானது, 4.2 வோல்ட்டில் நிறுத்திவிடும். பேட்டில் இருந்ததோ இரண்டு அறை கொண்ட லெட் ஆசிட். அது நிறைய வேண்டுமானால் 4.8 வோல்ட் வரையாவது ஏற வேண்டும். 4.2-இல் நிறுத்தினால் அது எப்போதும் அரை வயிறுதான். அரை வயிற்றிலேயே கிடக்கும் லெட் ஆசிட் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது.

இதற்கு நேர் எதிரான தவறு, யூஎஸ்பி ஒயரை வெட்டி சிவப்பு, கறுப்பு இரண்டையும் நேராகப் பேட்டரியில் வைப்பது. 5 வோல்ட்டும் தடையில்லாமல் பாயும், பேட்டரி சூடாகி உப்பும். லெட் ஆசிட்டையே வைத்துக்கொள்ள விரும்பினால் நடுவில் ஒரு 1என்5819 டயோடும், அரை வாட் 10 ஓம் ரெசிஸ்டரும் தொடராகப் போடுங்கள். தொடக்கத்தில் 70 மில்லிஆம்பியர் அளவில் போய், பேட்டரி நிறைய நிறையத் தானே குறையும். 500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு அது போதும். பத்து மணி நேரத்தில் கழற்றிவிடுங்கள். தானாக நிற்கும் வசதி இதில் இல்லை.

முடி வெட்டும் டிரிம்மரை மாற்றுகிறவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பழைய டிரிம்மரில் பெரும்பாலும் நிக்கல் செல் இருக்கும், ஒன்றுக்கு 1.2 வோல்ட். இரண்டு நிக்கல் செல்லில் டிபி4056-ஐ வைத்தால் அது 4.2 வோல்ட் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும், வரவே வராது. ஒயரைப் பிடுங்கும் வரை கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். செல்லைக் கழற்றிப் போட்டு லித்தியம் வைத்தாலோ, 2.4 வோல்ட் மோட்டாருக்கு 4.2 வோல்ட் போய்ச் சேரும். வேகமாகச் சுற்றும், கொஞ்ச நாளில் கருகும்.

கொசு பேட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 4 வோல்ட்டுக்குச் செய்த சர்க்யூட் லித்தியம் செல்லில் ஒழுங்காகவே ஓடும். ஆனால் போர்டைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே ஒரு சிப் இருக்கும் போர்டு சார்ஜ் மட்டும் செய்யும். டிடபிள்யூ01 என்ற பாதுகாப்புச் சிப்பும் சேர்ந்த போர்டுதான் நமக்கு வேண்டியது. செல் 2.4 வோல்ட் வரை வடிந்தால் அது இணைப்பை வெட்டிவிடும். அலமாரியில் எதன் அடியிலோ பட்டன் அமுங்கிக் கிடந்த பேட்டை அதுதான் காப்பாற்றும். பேட் சர்க்யூட்டின் ஒயரை ‘அவுட்’ என்று போட்ட முனைகளில்தான் வைக்க வேண்டும். செல் இருக்கும் ‘பி’ முனைகளிலேயே அதையும் சேர்த்துவிட்டால், காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு சும்மா உட்கார்ந்திருக்கும்.

போர்டில் ‘122’ என்று பொறித்த ஒரு குட்டி ரெசிஸ்டர் இருக்கும். 1.2 கிலோ ஓம், அதாவது சார்ஜ் கரண்ட் 1 ஆம்பியர். 2000 எம்ஏஎச்-க்கு மேற்பட்ட நல்ல செல்லுக்குச் சரி. கைப்பிடிக்குள் போகிற 500 எம்ஏஎச் செல்லுக்கு அது வெந்நீரில் குளிப்பாட்டுவது மாதிரி. அதை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வைத்தால் 250 மில்லிஆம்பியராகக் குறையும். பலரும் இந்த ரெசிஸ்டரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

செல் வாங்கும்போது 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லை நம்பாதீர்கள். அந்த அளவு உடம்பில் நல்ல கம்பெனி செல்லே 3500-ஐ ஒட்டித்தான் தரும். தகடு ஒட்டி வரும் செல்லாகக் கேட்டு வாங்குங்கள். செல்லின் மேலேயே சால்டரிங் அயனை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் பிரிப்புத் தாள் சுருங்கும், ஷார்ட் ஆகும். இன்னொன்று, 18650-இன் நீளம் 65 மில்லிமீட்டர், பல கைப்பிடிகளுக்கு அது பெரிது. திணித்து மூடாதீர்கள். அந்தச் செல்லின் உடம்பு முழுக்க மைனஸ், மேலே மெல்லிய உறைதான். ஒரு திருகாணி முனை உரசிக் கிழித்தால் போதும்.

டைப்-சி சாக்கெட் தனியாக வாங்கி வைப்பவர்கள் ‘ஏ டூ சி ஒயரில் ஏறுது, சி டூ சி ஒயரில் ஏறவே இல்லை’ என்று குழம்புவார்கள். அதில் சார்ஜருக்கு அடையாளம் காட்டும் சிசி முனைகள் இரண்டிலும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து மைனஸில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் சார்ஜர் கரண்டைத் திறந்துவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே போதும் என்று நினைப்பதும் தவறு. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் முதல் போர்டே அந்தத் தவறோடு வெளிவந்து, சில ஒயர்களில் உயிர் பெறாமல் நின்றது.

முதல் சார்ஜை கட்டில்மேல் போடாமல், வெறும் தரையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். போர்டு லேசாகச் சுடும். செல் சுடக்கூடாது. சார்ஜ் ஏறும்போது பட்டனை அமுக்கிக் கொசு அடிக்கவும் வேண்டாம். கைப்பிடியை மூடுமுன் கடைசியாக ஒன்று: போர்டில் சார்ஜ் ஏறுவதற்குச் சிவப்பும் நிறைந்ததற்கு நீலமும் எரியும். அந்த விளக்குகளைப் பழைய எல்இடி ஓட்டைக்கு நேராக வைத்து ஒட்டுங்கள். என் இரண்டாவது பேட்டில் அதை மறந்து பசை போட்டு மூடிவிட்டு, நிறைந்ததா இல்லையா என்று தெரியாமல் திரும்ப உடைத்தபோதுதான் கைப்பிடியே இரண்டாகப் பிளந்தது.