மழை, காற்று, பனி: எது வந்தாலும் நடக்க ஒரு செய்முறை

கிளம்பும்போது வெயில், பாதி வழியில் சாரல், திரும்பும்போது வாடைக்காற்று. குளிர்கால நடை என்றால் இப்படித்தான். 'வானம் வெளுக்கட்டும், அப்புறம் போகலாம்' என்று காத்திருந்தே என் முதல் குளிர்காலத்தை ஜன்னலோரத்தில் கழித்தேன். பிறகுதான் பிடிபட்டது: நடப்பவரைப் படுத்துவது குளிரை விட ஈரம்தான். அது மழையில் மட்டுமல்ல, நம் வியர்வையிலும் வரும். இந்த இரண்டாவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

1. முன்னறிவிப்பில் காற்றையும் பாருங்கள்

வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 0 டிகிரி செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரிக் குளிராகத் தெரியும். உடம்பை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றை வீசும் காற்று விடாமல் வழித்துக்கொண்டு போவதுதான் காரணம். காற்றின் திசை, மழை வரக்கூடிய நேரம், இருட்டும் நேரம் மூன்றையும் பார்த்துவிட்டால் போதும்.

2. தடியாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக மூன்று

உடம்போடு ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழைச் சட்டை அல்லது மெல்லிய கம்பளிச் சட்டை. அதன் மேல் வெப்பம் காக்கும் ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நடுவில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பைக்குள் திணிக்கலாம் என்பதுதான் இதில் உள்ள வசதி.

இந்த ஒரு வேலைக்கு மட்டும் பருத்தி ஆடை வேண்டாம். நனைந்தால் இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும்; தண்ணீர் காற்றை விட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த ஜீன்ஸோடு ஒரு மணி நேரம் நடந்து வந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். கம்பளி ஈரமானாலும் ஓரளவு கதகதப்பைக் காப்பாற்றும்.

3. லேசாகக் குளிரும்படி கிளம்புங்கள்

வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் கால் மணி நேரத்தில் வியர்த்துவிடும். முதல் 10 நிமிடம் கொஞ்சம் நடுங்கினாலும் பரவாயில்லை. சூடு ஏறியதும் ஒரு நிமிடம் நின்று ஜிப்பை இறக்குங்கள், குல்லாவைக் கழற்றுங்கள். வியர்த்த பிறகு கழற்றிப் பயனில்லை, அதற்கு முன்பே செய்ய வேண்டும். உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போது இதற்கு நேர்மாறு: குளிர்வதற்கு முன்பே ஸ்வெட்டரை மாட்டிக்கொள்ளுங்கள்.

4. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக்காற்று

எனக்குத் தெரிந்ததில் செலவே இல்லாத உத்தி இதுதான். உடம்பில் தெம்பும் ஆடையில் உலர்வும் இருக்கும்போதே காற்றை எதிர்த்து நடந்துவிடுங்கள். களைத்து, வியர்த்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். தொடக்கத்தில் 30, 40 நிமிட நடை போதும். நடுவில் குறுக்கு வழி உள்ள சுற்றுப்பாதையாக இருந்தால், வானம் மாறினாலும் பதற வேண்டியதில்லை.

5. காலடியைப் பாருங்கள்

மழை பெய்து ஓய்ந்து வானம் தெளிந்த இரவுக்கு அடுத்த காலைதான் மோசம். தெளிந்த வானத்தில் தரை வேகமாகக் குளிர்ந்து, ஈரம் கண்ணாடி போன்ற பனிக்கட்டியாகிவிடும். வெறும் ஈரத் தரை மாதிரிதான் தெரியும். பாலத்தின் மேல் சீக்கிரம் உறையும், ஏனென்றால் அடியிலும் காற்று குளிர்விக்கிறது. அங்கே சிறு சிறு அடியாக, முழுப் பாதத்தையும் ஊன்றி வாத்து போல நடங்கள். கை பாக்கெட்டில் இருக்கக் கூடாது. புயல்காற்று நாளில் மரங்களுக்கு அடியில் போகாதீர்கள். உடம்பு அடங்காமல் நடுங்கினாலோ, விரல் பேச்சைக் கேட்காவிட்டாலோ, நாக்கு குழறினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். உடனே கதகதப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், தேவைப்பட்டால் உதவி கேளுங்கள்.

6. அந்தந்த வானிலைக்கு அதற்கான காட்சி

தூறலில் மரப்பட்டையும் பாசியும் நிறம் கூடித் தெரியும். மூடுபனியில் தூரத்துக் காட்சி கிடைக்காது. அருகில் உள்ள சிலந்திவலையைப் பாருங்கள், இழைக்கு இழை நீர்மணி கோத்திருக்கும். புதுப்பனி விழுந்த காலையில் நின்று காது கொடுங்கள்: பனித்துகள்களுக்கு இடையே உள்ள காற்றுப் பைகள் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் ஊரே அடங்கிப்போன மாதிரி இருக்கும். வெயில் நாள் நடையில் இதெல்லாம் சிக்காது.

7. வீட்டுக்கு வந்ததும்

முதலில் சாக்ஸை மாற்றுங்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை (இன்சோல்) உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். நாளைக்கும் அதே ஷூதானே வேண்டும்.