புகைக்கறி விறகை வெளியில் அடுக்கும்போது நடக்கும் தவறுகள்

டெக்சஸில் பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) புகைபோட ஓக் விறகு வாங்கி இறக்கியதும் பலர் முதலில் செய்வது, மழை படக்கூடாதென்று மொத்தக் குவியலையும் தார்ப்பாயால் தரைவரை மூடிக் கட்டுவது. விறகு பெரும்பாலும் கெடுவது அங்கேதான். கட்டையிலிருந்து மாதக்கணக்கில் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாத ஆவி இரவுக் குளிரில் தார்ப்பாயின் அடியில் முத்துமுத்தாகக் கோத்து, திரும்பவும் கட்டை மேலேயே சொட்டும். கொஞ்ச நாளில் பட்டைக்கடியில் வெள்ளைப் பூஞ்சை படரும். மேல் வரிசையை மட்டும் மூடுங்கள். ஓரத்தில் நாலைந்து அங்குலம் தொங்கினால் போதும். பக்கமெல்லாம் திறந்தே கிடக்கட்டும். சாரல் பட்டு நனைந்தது இரண்டு நாள் காற்றில் காய்ந்துவிடும்.

வெறும் மண்ணில் அடுக்கினால் அடிவரிசை ஈரத்தை உறிஞ்சும், கரையான் ஏறும். பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) போட்டோ, ஹாலோ பிளாக் மேல் கழி போட்டோ 4 முதல் 6 அங்குலம் உயர்த்துங்கள். (அந்தப் பேலட்டை அடுப்பில் போட வேண்டாம், அதில் என்ன மருந்து ஏறியிருக்கிறதோ தெரியாது.) வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்குவதும் தவறு. காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் வீட்டிலிருந்து 30 அடி தள்ளியே வைக்க வேண்டும்.

பிளக்காத உருளைக் கட்டை லேசில் காயாது. பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். 12 முதல் 16 அங்குல நீளத்தில் வெட்டிப் பிளந்து, வெட்டுமுகம் காற்றைப் பார்க்க அடுக்குங்கள். மரத்தின் நீர்நாளங்கள் நீளவாக்கில் ஓடுவதால் ஈரம் நுனி வழியாகத்தான் வேகமாக வெளியேறும்.

அதே காரணத்தால், நுனியில் வெடிப்பு விழுந்ததும் விறகு காய்ந்துவிட்டது என்று நம்பக்கூடாது. நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஓக் காய ஓராண்டுக்கு மேல்கூட ஆகும். ஒரு கட்டையை அப்போதே பிளந்து, புதிய முகத்தின் நடுவில் ஈரமானியின் ஊசிகளைக் குத்திப் பாருங்கள். 15 முதல் 20 சதவீதம் சரியான பதம். 40 காட்டினால், 2 கிலோ கட்டையில் சுமார் 570 கிராம் தண்ணீர் இருக்கிறது (ஈரமானியின் சதவீதம் காய்ந்த மரத்தின் எடையை வைத்துக் கணக்கிடுவது). அதை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சூடு போய்விடும். அரைகுறையாக எரிந்து அடர்ந்த வெள்ளைப் புகை வரும், கிரியோசோட் என்ற தார் போன்ற புகைப்படிவு கறியில் படிந்து கசக்கும். 10 சதவீதத்துக்குக் கீழே போன விறகு வேறு தொல்லை: மளமளவென்று எரிந்து தீரும், சூடும் கட்டுக்கடங்காது. பூஞ்சை பிடித்ததைத் தீயில் போய்விடும் என்று போடாதீர்கள், ஒதுக்கிவிடுங்கள்.

மூடாதே என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. டெக்சஸில் ஓக் வாடல் நோய் இருக்கிறது. அதில் செத்த சிவப்பு ஓக்கின் பட்டைக்கடியில் பூஞ்சைப் பாய் உருவாகும். அதன் வாசத்துக்கு வரும் சிறு வண்டுகள் பூஞ்சையின் வித்துகளைச் சுமந்துபோய், நல்ல ஓக் மரங்களின் காயங்களில் சேர்த்துவிடும். அப்படிப்பட்ட விறகை நிறமற்ற பிளாஸ்டிக்கால் முழுக்க மூடி, ஓரங்களை மண்ணில் புதைக்க வேண்டும். வாங்கும்போதே மரம் எப்படி விழுந்தது என்று கேளுங்கள். தொலைவிலிருந்து விறகு கொண்டுவரவும் வேண்டாம். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத ஆஷ் துளைப்பான் வண்டு, ஊர்விட்டு ஊர் போன விறகோடுதான் வெகுதூரம் பரவியது.