பழைய பைபர் படகை விற்கப் போகிறீர்களா? பின்பலகையிலிருந்து தொடங்குங்கள்

படகு வாங்க வருகிற பழகிய ஆள் கரையில் கால் வைத்ததும் எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஒரு தரம் அசைத்துப் பார்ப்பார். எஞ்சினோடு சேர்ந்து, அது மாட்டியிருக்கும் பின்பலகையும் நெளிந்தால் விலை அந்த இடத்திலேயே விழுந்துவிடும். பிறகு எவ்வளவு பேசினாலும் ஏறாது. இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை 18 முதல் 23 அடி பைபர் படகு விற்கிற எவரும் வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரும்பாலான படகுகளில் பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட். எஞ்சின் மாட்டும் போல்ட் துளைகளாலும் தண்ணீர் வடிக்கும் துளையாலும் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி அது மெல்ல உக்கும். வெளியே பைபர் மினுமினுப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சுத்தியலின் பிடியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், உக்கிய இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில், உட்புறத்தில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் 4 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். தூள் வெளிறி உலர்ந்து வந்தால் பலகை நலம். கறுத்து ஈரமாக வந்தால் உக்கல்தான். துளையை அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

உக்கியிருந்தால் இரண்டு வழி. திருத்தி விற்கலாம், அல்லது சொல்லி விற்கலாம். மறைத்து விற்கிற மூன்றாவது வழியை விட்டுவிடுங்கள். பின்பலகை நடுக்கடலில் பிளந்தால் எஞ்சினும் போய்விடும், ஆளும் திரும்பி வராமல் போகலாம்.

திருத்துவதானால் உட்பக்கத் தோலை வெட்டியெடுத்து, உக்கிய பலகையைத் துளியும் விடாமல் சுரண்டி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் இரண்டை ரெசினால் ஒட்டிப் பொருத்தி, அதன்மேல் சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள பைபர் மேட் குறைந்தது நான்கு அடுக்கு போடுங்கள். மேட் பக்கச் சுவரிலும் அடியிலும் ஒரு சாணாவது ஏறியிருக்க வேண்டும். பலகையோடு நின்றுவிட்டால் மூலையில் வெடிக்கும். ரெசின், மேட்டின் எடையைப் போல் இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு போதும். ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 10 முதல் 15 மில்லிலீற்றர். நம்முடைய பகல் வெயிலில் 20க்குப் போனால் மேட் ஊறுவதற்குள் இறுகிவிடும், ஆகவே விடியலில் வேலையை முடிப்பது நல்லது. ஹார்ட்னரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் அக்செலரேட்டரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் மற்றதை ஊற்ற வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஹார்ட்னர் போத்தலைத் திறக்கவும் வேண்டாம்.

அடுத்தது படகின் அடி. கரைவலைப் பாடுகளிலும் திறந்த கடற்கரையிலும் நாள்தோறும் மணலில் இழுபட்ட படகுக்கு நடுவரி தேய்ந்து வெள்ளை நூல் தெரியும். அதன்மேல் வாகனங்களுக்குப் பூசுகிற பட்டியை அப்பிப் பெயின்ற் அடிப்பது பலர் செய்கிற பிழை. அந்தப் பட்டி தண்ணீரை உறிஞ்சும், ஒரு பருவத்துக்குள் ஊதிக் கழன்றுவிடும். தேய்ந்த இடத்தை இரு பக்கமும் சரிவாக அரைத்து, மேட் வைத்து, மேல்பூச்சான ஜெல்கோட் பூசுங்கள். எப்பொக்சி என்கிற வேறு வகை ரெசின் பூசிய இடத்தின்மேல் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் சரியாக ஒட்டாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

படகு வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தால், நான்கு பேர் தூக்கியதை ஆறு பேர் தூக்க வேண்டியிருந்தால், மிதவைக்கு அடைத்த போம் தண்ணீர் குடித்திருக்கிறது. பெட்டியைத் திறந்து ஈர போமை எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பது சின்னச் செலவு. ஓட்டத்திலும் எண்ணெய்ச் செலவிலும் தெரிகிற வித்தியாசம் பெரிது. 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகளில் மெல்லிய உடல் கொண்டவை கலந்திருந்ததால், எந்த வருடத்துப் படகு என்ற கேள்வி கட்டாயம் வரும். வருடத்தை உள்ளபடி சொல்லுங்கள்.

இனி எஞ்சின். விலையில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது.

வாங்குபவர் வருவதற்கு முதல் வாரமே நல்ல தண்ணீர் நிறைத்த பீப்பாயில் வைத்து 15 நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். தண்ணீர் புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையும் மூடி நிற்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஒரு தரம் கிளப்பிக் காட்டுவோம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில விநாடிகளிலேயே பொசுங்கிவிடும். பக்கவாட்டில் பீச்சுகிற தண்ணீர் மெலிந்து வந்தால் முதலில் அந்தத் துளைக்குள் கம்பி விட்டு உப்பைக் குத்தி எடுங்கள். அப்படியும் மெலிவாகவே இருந்தால் இம்பெல்லரை மாற்றுங்கள். விற்கிற எஞ்சினுக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் தண்ணீர் ஒழுங்காகப் பீச்சாத எஞ்சினை யாரும் நம்பி வாங்கமாட்டார்கள்.

கியர் ஒயிலின் கீழ்த் திருகைக் கழற்றிப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் புரொப்பெல்லர் தண்டின் சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒயிலை மட்டும் மாற்றி மறைத்தால் வாங்கினவர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வருவார். பெரும்பாலும் தண்டில் சுற்றிய நைலோன் நூல்தான் சீலை அறுத்திருக்கும். நூலை எடுத்துவிட்டுச் சீலை மாற்றுங்கள். திருகின் நுனியில் மாவுபோல் கறுப்பு ஒட்டியிருப்பது வழமை. துண்டு துண்டாக இரும்பு வந்தால் பல்லுச் சக்கரம் போயிருக்கிறது, அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்கும் அளவி மெக்கானிக்கிடம் இருக்கும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, திரொட்டிலை முழுதாகத் திறந்து இழுக்க வேண்டும். அளவு மொடலுக்கு மொடல் மாறும், மண்ணெண்ணெய் எஞ்சினில் குறைவாகவே காட்டும். சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது. அந்த அளவை ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு வைத்திருங்கள், பேரத்தில் உதவும்.

மண்ணெண்ணெய் எஞ்சின்காரர்கள் பலர் தவறவிடுகிற ஒன்று உண்டு. இது பெற்றோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. கடைசி ஓட்டத்தை மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்பரேட்டரில் அதுதான் தங்கியிருக்கும். மறுநாள் ஆள் வந்து இழுக்கையில் இருபது இழுவைக்கும் கிளம்பாது, நல்ல எஞ்சின் கெட்ட பெயர் வாங்கும். முதல் நாள் நிறுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் பெற்றோலில் ஓடவிடுங்கள். வாங்குபவர் வருவதற்கு முன் சூடாக்கியும் வைக்காதீர்கள். மூடியைத் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்படுவார். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதற்குப் பிறகு எண்ணெய்ச் செலவைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. அளந்து 5 லீற்றர் ஊற்றி, எத்தனை நிமிடம் ஓடியது என்று குறித்து வைத்திருந்தால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கையில் இருக்கும்.

பத்திரங்கள் படகைவிட அதிக நாள் எடுக்கும், ஆகவே விளம்பரத்துக்கு முன்பே தொடங்குங்கள். மீன்பிடிப் படகு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டது. உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரைக் கண்டு பெயர் மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். அம்பாறைக் கரைக்காரர்களுக்குக் கல்முனை அலுவலகம். பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கமும் படகில் எழுதியிருப்பதும் ஒன்றா, எஞ்சினின் கிளாம்ப் பகுதித் தகட்டில் உள்ள இலக்கம் பற்றுச்சீட்டோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். தகடு உப்பில் அரித்திருந்தால் சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்துப் படம் எடுங்கள். சங்கத்திலோ வங்கியிலோ கடன் இருந்தால் தீர்த்த கடிதம் வேண்டும். பதிவு இறந்துபோன தகப்பனாரின் பெயரில் கிடந்தால் முதலில் அதைத் தீருங்கள். பெயர் மாற்றாமல் கைமாறிய படகு கடத்தலில் பிடிபட்டால் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

விற்கிற காலம் மாரி ஓய்கிற தை, மாசி. கடல் திறக்கப் போகிறது, எல்லாரும் படகு தேடுவார்கள். கார்த்திகையில் விற்றால் வாங்கியவர் மூன்று மாதம் படகைக் கரையில் கவிழ்த்து வைக்க வேண்டும், அதற்கேற்ற விலைதான் கேட்பார். பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் சுற்றுலா ஓட்டத்துக்குத் தேடுவோர் பங்குனிக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வலை வேண்டாம், உயிர்காப்பு அங்கியும் இருக்கைகளும் வேண்டும். ஆகவே படகு, எஞ்சின், வலை மூன்றுக்கும் தனித்தனி விலை வைத்திருங்கள்.

விலையைக் கணிக்க வாழைச்சேனை, கல்லடி, மருதமுனை போல மூன்று துறைகளில் கேட்டுப் பாருங்கள். திருத்தாமல் விட்ட குறைக்கு வாங்குபவர் உண்மைச் செலவைவிடக் கூடவே கழிப்பார், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. பின்பலகையின் உட்புறம், கவிழ்த்த அடி, மூடி கழற்றிய எஞ்சின், இலக்கத் தகடு ஆகிய நான்கு படங்கள் நல்ல வெளிச்சத்தில் இருந்தால் வீணாக அலைய வைப்பவர்கள் குறைவார்கள். பத்திரப் படங்களில் அடையாள அட்டை இலக்கத்தை மறைத்து விடுங்கள்.

ஓடிக் காட்டுவதைக் காற்று எழும்ப முன் காலையில், வாவியில் வையுங்கள். அவருடைய மெக்கானிக்கும் ஏறட்டும். அரைமணி ஓடி, அதில் சில நிமிடம் முழு வேகத்தில் போய்த் திரும்பியதும் அடியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று நீங்களே காட்டுங்கள். முற்பணத்துக்கு இரண்டு பிரதியில் எழுதி, தொகை, மீதி, கடைசித் திகதி மூன்றையும் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். காசோலையென்றால் பணம் கணக்கில் விழுந்த பிறகே எஞ்சின் கைமாற வேண்டும். நேரில் பார்க்காமலே லொறி அனுப்புகிறேன், தொலைபேசிக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள் என்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஜீபிஎஸ் கருவியில் பதிந்துள்ள பார் இடங்களை (மீன் கூடும் கடலடிப் பாறைகளை) என்ன செய்வதென்று முடிவெடுங்கள். அவையும் சொத்துத்தான். கொடுப்பதானால் விலையில் சேருங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள். லொறியில் ஏற்றும்போது படகின் அடிக்குப் பழைய டயர்கள் நான்கைப் பரப்பி, கயிறு விளிம்பை வெட்டாதபடி சாக்கு மடித்து வைக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றி நிமிர்த்தித் தண்ணீர் முழுதும் வடியவிட்டு, கிடத்துகையில் தலைப்பக்கம் அடிக்காலைவிட உயர்ந்திருக்கும்படி வையுங்கள். தலை தாழ்ந்தால் மிச்சத் தண்ணீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.