ஸ்கிரீன் ஷேர் செய்து சேர்ந்து வேலை பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஃபைலை மெயிலில் அனுப்பி, எட்டாம் பக்கத்தில் மூன்றாவது பத்தியைப் பாருங்கள் என்று எழுதுகிறோம். அவர் வேறொரு பத்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறார். நாம் மறுபடி விளக்குகிறோம். இப்படி அரை நாள் இழுக்கிற விஷயம், திரையைக் காட்டிப் பேசினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

யோசனை என்னவோ பழையதுதான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற ஆய்வாளர், மேடையில் உட்கார்ந்தபடியே, பல மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளருடன் ஒரே ஆவணத்தைத் திரையில் பார்த்துப் பேசி வேலை செய்து காட்டினார். அன்று அதற்கு மைக்ரோவேவ் எனும் வானலை வழி இணைப்பும் பின்னால் ஒரு பெரிய குழுவும் வேண்டியிருந்தன. இன்று பிரவுசர் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எதிரில் இருப்பவருக்குப் போவது உங்கள் திரையின் வீடியோ. அது சுருக்கப்பட்டு, சற்றுத் தாமதமாக, பல நேரம் உங்கள் திரையைவிடச் சின்ன திரையில் போய்ச் சேர்கிறது. கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்களுக்குக் காரணம் இதுதான்.

படி 1: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் எது ஏற்கெனவே ஓடுகிறதோ அதையே பயன்படுத்துங்கள். நீங்களே தேர்வு செய்ய வேண்டுமென்றால் ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மூன்றில் ஏதாவது ஒன்று போதும். மூன்றிலும் இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம். நேர வரம்புதான் வேறுபடும்: ஜூமில் 40 நிமிடம், மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம், டீம்ஸில் குழு மீட்டிங்குக்கு 60 நிமிடம். நிறுவனங்கள் இந்த வரம்புகளை அவ்வப்போது மாற்றும், அதனால் முக்கியமான மீட்டிங்குக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளி ஆட்களை அழைக்கும்போது எனக்கு மீட்தான் வசதி. கம்ப்யூட்டரில் எதையும் நிறுவச் சொல்ல வேண்டியதில்லை, பிரவுசரிலேயே திறந்துவிடும்.

படி 2: மீட்டிங்கை உருவாக்கி லிங்க்கை அனுப்புங்கள்

மூன்று கருவியிலும் புதிய மீட்டிங் தொடங்க ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு லிங்க் கிடைக்கும். அதைச் சேர வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். பெரிய குழுக்களில் பொதுவாகப் போடாதீர்கள். காத்திருப்பு அறை வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். நீங்கள் அனுமதித்தால்தான் ஆள் உள்ளே வர முடியும்.

லிங்க்கோடு எதைப் பேசப்போகிறோம், எந்த ஃபைலைப் பார்க்கப்போகிறோம் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். வருகிறவர் அந்த ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலை குறையும்.

படி 3: முதலில் ஒலி

படம் கொஞ்சம் மங்கினால் சமாளிக்கலாம். குரல் விட்டுவிட்டு வந்தால் மீட்டிங்கே ஓடாது. எனவே ஹெட்போன் போடுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால், அந்தச் சத்தத்தையே உங்கள் மைக் பிடித்து எதிரொலியாகத் திருப்பி அனுப்பலாம். ஒரே அறையில் இரண்டு லேப்டாப் ஒரே மீட்டிங்கில் இருந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். அப்போது ஒன்றின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பேசாத நேரத்தில் மியூட். மீட்டில் கண்ட்ரோல் + டி அழுத்தினால் மைக் அணையும், மறுபடி அழுத்தினால் திறக்கும். டீம்ஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எம். விண்டோஸில் ஜூம் பயன்படுத்தினால் ஆல்ட் + ஏ. இதில் உங்கள் கருவிக்கானதை மட்டும் விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.

படி 4: திரையைச் சுத்தம் செய்யுங்கள்

ஷேர் பட்டனைத் தொடும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப் வெப், சொந்த மெயில், வங்கித் தளம் எல்லாவற்றையும் மூடுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் நோட்டிஃபிகேஷன்கள் திரையில் எட்டிப் பார்க்காது. பிரவுசரில் முகவரி அடிக்கத் தொடங்கும்போது பழைய தேடல்கள் வரிசையாக விழும் என்பதையும் மறக்காதீர்கள். திறக்க வேண்டிய பக்கங்களை முன்பே திறந்து வைத்துவிட்டால் எதையும் தட்டச்ச வேண்டியிருக்காது.

அப்புறம் எழுத்தின் அளவு. உங்கள் பெரிய மானிட்டரில் தெளிவாகத் தெரியும் எக்செல் ஷீட், போனில் பார்ப்பவருக்கு எறும்பு வரிசைதான். பிரவுசரில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும். எக்செல்லில் கீழே வலது மூலையில் அளவைக் கூட்டலாம். 150 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள். உங்களுக்கு அசிங்கமாகப் பெரிதாகத் தெரிந்தால், அவர்களுக்குச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

படி 5: ஷேர் செய்யுங்கள்

ஜூமில் கீழே பச்சை நிறத்தில் இருக்கும் பட்டன். மீட்டிலும் டீம்ஸிலும் மேல் நோக்கிய அம்பு போட்ட ஐகான். அழுத்தியதும் எதைக் காட்ட வேண்டும் என்று கேட்கும். இங்கேதான் புதியவர்கள் அவசரப்பட்டு முதலில் கண்ணில் படுவதைத் தட்டிவிடுகிறார்கள்.

முழுத் திரையைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் செய்வது எல்லாமே போகும். மூன்று நான்கு மென்பொருள்களுக்கு இடையில் மாறிமாறிக் காட்ட வேண்டியிருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

ஒரு விண்டோவை மட்டும் தேர்ந்தெடுத்தால் அந்த மென்பொருள் மட்டும் தெரியும். மெயில் வந்தாலும், பக்கத்தில் குறிப்புகளைத் திறந்து வைத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. வழக்கமான வேலைக்கு நான் சொல்வது இதைத்தான். இதில் ஒரு சிக்கலும் உண்டு: அந்த மென்பொருள் தனியாகத் திறக்கும் பெட்டிகள், மெனுக்கள் சில நேரம் அடுத்தவருக்குப் போகாது. நீங்கள் ஃபைலைச் சேமிக்கும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த ஃபோல்டரைப் பாருங்கள் என்பீர்கள். அவர் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, பிடிஎஃப் விண்டோவை ஷேர் செய்துவிட்டு எக்செல்லுக்கு மாறினால், அங்கே பிடிஎஃப்தான் தெரிந்துகொண்டிருக்கும். ஷேரை நிறுத்திவிட்டுப் புதிய விண்டோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, பிரவுசரின் ஒரு டேப். வீடியோ போட்டுக் காட்ட இதுதான் நல்லது, டேப்பின் ஒலியும் சேர்ந்து போகும். ஒலியைப் பகிரும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜூமிலும் டீம்ஸிலும் கம்ப்யூட்டரின் ஒலியைச் சேர்க்கத் தனி அமைப்பு உண்டு. அதை விட்டுவிட்டால் படம் ஓடும், சத்தம் வராது.

மேக் வைத்திருப்பவர்கள் முதல் முறை ஷேர் செய்யும்போது அனுமதி இல்லை என்று வரும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுங்கள். கொடுத்ததும் செயலியை மூடித் திறக்கச் சொல்லும், அதாவது மீட்டிங்கிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். எனவே இதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

மீட்டிங் நடக்கும் திரையையே ஷேர் செய்தால் திரைக்குள் திரை, அதற்குள் இன்னொரு திரை என்று சுரங்கம் போலப் போகும். பயப்பட வேண்டாம், எதுவும் கெட்டுவிடவில்லை. வேறு விண்டோவுக்கு மாறினால் சரியாகிவிடும்.

போனிலிருந்தும் ஷேர் செய்யலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் முழுத் திரையும் போகும், வருகிற மெசேஜ் உட்பட.

படி 6: காட்டும்போது பேசும் முறை

ஷேர் ஆனதும் பலரும் திரை தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிகிறது என்று பதில் வரும், ஆனால் எது தெரிகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக, மேலே விற்பனை அறிக்கை என்ற தலைப்பு உங்களுக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

மவுஸை ஓர் இடத்தில் சுழற்றி, இங்கே பாருங்கள் என்று சொல்வதும் வேலைக்கு ஆகாது. சுழற்றல் அங்கே போய்ச் சேருவதற்குள் நீங்கள் அடுத்த இடத்துக்குப் போயிருப்பீர்கள். இடத்தைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்: சி நெடுவரிசை, 12ஆம் வரிசை, அங்கே 4,500 என்று இருக்கிறதல்லவா? பார்ப்பவர் அந்த எண்ணைத் தேடிப் பிடித்து ம் என்று சொன்ன பிறகு நகருங்கள். கட்டத்தை ஒருமுறை கிளிக் செய்து வைத்தால் அதைச் சுற்றிக் கோடு விழும். அதுவே போதுமான அடையாளம்.

பக்கத்தை வேகமாக உருட்டாதீர்கள். திரையில் மாறாத பகுதிக்கு அதிகம் டேட்டா செலவாகாது, மாறுகிற பகுதியைத்தான் புதிதாக அனுப்ப வேண்டியிருக்கும். வேகமாக உருட்டினால் எல்லாமே மாறுவதால், அந்தப் பக்கம் எழுத்து கலங்கிப்போய்த் தெளிய நேரமாகும்.

படி 7: அவரையும் வேலை செய்ய விடுங்கள்

ஜூமிலும் டீம்ஸிலும் உங்கள் மவுஸ், கீபோர்டின் கட்டுப்பாட்டை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஒரு அமைப்பை மாற்றிக் காட்ட, பிழையைத் தேட இது உதவும். ஆவணத்தைச் சேர்ந்து திருத்துவதற்கு இது சரிப்படாது. இரண்டு பேர் ஒரே மவுஸை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு கூகுள் டாக்ஸ் போல ஒரே நேரத்தில் பலர் திருத்தக்கூடிய ஆவணத்தை இருவரும் அவரவர் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மீட்டிங்கைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாட்டை உடன் வேலை பார்ப்பவருக்கு மட்டும் கொடுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன், கம்ப்யூட்டர் நிறுவனத்திலிருந்து பேசுகிறேன் என்று தானாக அழைத்து ஸ்கிரீன் ஷேர் கேட்பவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். ஓடிபி திரையில் வந்தால் அவருக்கும் அது தெரியும்.

இணையம் திணறினால்

முதலில் கேமராவை அணையுங்கள், ஷேரை அல்ல. ஜூம் தரும் கணக்குப்படி, இருவர் பேசும் 720பி என்ற தெளிவுத் தரமுள்ள வீடியோவுக்கு நொடிக்கு 1.2 மெகாபிட், அதாவது 1,200 கிலோபிட் வேண்டும். முகப்படம் இல்லாத ஸ்கிரீன் ஷேருக்கு 50 முதல் 75 கிலோபிட் போதும். நம் முகத்தைக் காட்டத்தான் இவ்வளவு செலவாகிறது! அதற்கும் அடங்காவிட்டால் பின்னால் ஓடும் டவுன்லோடை நிறுத்துங்கள், வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

முடிக்கும்போது

காட்ட வேண்டியது முடிந்ததும் ஷேரை நிறுத்துங்கள். மீட்டிங் முடிகிறவரை காத்திருக்காதீர்கள், அரட்டை அதற்குப் பிறகும் நீளும். நிறுத்திய பின், திரை போய்விட்டதா என்று ஒருவரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த ஃபைலைத் திறங்கள்.

ரெக்கார்ட் செய்வதாக இருந்தால் எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாட்டில் யாராவது லிங்க், எண், ஃபைல் பெயர் போட்டிருந்தால் வெளியேறும் முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மீட்டிங் முடிந்ததும் சாட் கைக்குக் கிடைக்காமல் போவது உண்டு. யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்பதையும் அந்த நகலோடு சேர்த்து, அன்றைக்கே எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.