காயம் ஆறிய குதிரையை இருபக்கமும் சமமாக்குதல்: திருகோணமலை மணலில் படிப்படியாக

காலில் வீக்கம் வற்றிவிட்டது, புண்ணும் காய்ந்துவிட்டது, ஆனால் குதிரை பழையபடி நடக்கவில்லை. புதிதாகக் குதிரை வைத்திருப்பவர்களைக் குழப்புவது இந்தக் கட்டம்தான். ஐந்தாறு கிழமை ஒரு காலைக் காத்து நின்ற குதிரை, அந்தக் காலில் பாரம் விழாதபடி உடம்பைச் சாய்த்து நடக்கப் பழகிவிடும். நோவு போனாலும் பழக்கம் போகாது. காத்த பக்கத்துத் தசை வற்றும், எதிர்ப்பக்கத்துக் கால் கூடுதல் பாரம் சுமக்கும், பிறகு அந்த நல்ல காலே பழுதாகும். கீழே சொல்லும் வேலை எல்லாம் பாரத்தை இடம், வலம் இரண்டுக்கும் திரும்பப் பங்கிடுவதற்கானது.

குதிரைக்குக் கழுத்தெலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் உடம்போடு தசையாலும் நாராலும்தான் கட்டப்பட்டிருக்கின்றன. உடல் எடையில் ஏறக்குறைய 60 வீதம் அந்த முன்னங்கால்களில்தான் நிற்கிறது. ஒரு பக்கத்துத் தசை தளர்ந்தால் நெஞ்சுக்கூடே அந்தப் பக்கம் சரியும். மனிதருக்கு வலக்கை, இடக்கைப் பழக்கம் போலக் குதிரைக்குப் பிறப்பிலேயே ஒரு கோணல் உண்டு. காயம் அதன்மேல் இன்னொரு கோணலை ஏற்றிவிடுகிறது.

தொடங்குமுன்

மிருக வைத்தியர் "கையில் பிடித்து நடத்தலாம்" என்று சொன்ன நாள்தான் முதல் நாள். எது அடிபட்டது என்று தெளிவாகக் கேட்டு எழுதி வையுங்கள். தசைப்பிடிப்பும் தசைநாண் கிழிவும் ஒரே கணக்கில் ஆறுவதில்லை. தசைநாண் முழுப் பாரத்துக்குத் தயாராக 9 முதல் 12 மாதம் பிடிக்கும். அதற்கு முன் வெளித்தோற்றத்தை நம்பி ஓடவிட்டால் அதே இடத்தில் மறுபடி கிழியும். தசைநாண் காயமென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் ஸ்கான் எடுப்பது நல்லது. எங்கே எடுக்கலாம் என்று உங்கள் வைத்தியரையே கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் வரை விசாரிக்க வேண்டியும் வரலாம்.

நோவு மருந்து கொடுத்துக்கொண்டே பயிற்சி செய்யாதீர்கள். மருந்து நோவை மறைக்கும், காலைக் காக்காது.

குளம்பு சமமில்லாமல் வளர்ந்திருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. ஓய்வில் நின்ற காலத்தில் பாரம் விழாத குளம்பு ஒடுங்கி உயரும், பாரம் விழுந்தது பரந்து தட்டையாகும். 4 முதல் 6 கிழமைக்கு ஒருமுறை, தெரிந்த கையால் சீவி எடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் ஒன்றாக்க முயலக் கூடாது, மூன்று நான்கு தடவையில் கொஞ்சம் கொஞ்சமாக.

ஈர மணலில் அளத்தல்

கண்ணால் பார்த்து "இப்ப பரவாயில்லை" என்பது அளவாகாது. கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு ஈர மணல் ஒரு நல்ல பதிவேடு. அலை வந்து போன ஈர மணலில் 10 மீற்றர் நீளத்தைப் பலகையால் மட்டமாக இழுத்துவிட்டு, குதிரையை அதன்மேல் சாதாரண வேகத்தில் நேராக நடத்துங்கள். பிறகு அளவுநாடா.

எதை அளப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். இடது முன்னங்கால் தடத்திலிருந்து அடுத்த இடது முன்னங்கால் தடம் வரை அளந்தால் பயனில்லை. நொண்டும் குதிரையிலும், நேராக நடக்கும்போது, அந்த நீளம் இருபக்கமும் ஒன்றாகவே வரும். இடதிலிருந்து வலது வரை எவ்வளவு, வலதிலிருந்து இடது வரை எவ்வளவு என்று தனித்தனியே அளங்கள். கோணல் அங்கேதான் தெரியும். பின்னங்கால் தடம் அதே பக்கத்து முன்னங்கால் தடத்தைத் தாண்டி எவ்வளவு விழுகிறது என்பதையும் பக்கத்துக்குப் பக்கம் குறியுங்கள். ஐந்து அடிகள் அளந்து சராசரி எடுத்தால் போதும்.

இன்னும் மூன்று பதிவுகள்:

- தையல்நாடாவால் முன்னங்கை, பின்னந்தொடை இரண்டின் சுற்றளவு, இருபக்கமும். நாடா எப்போதும் ஒரே உயரத்தில் விழ, முழங்காலிலிருந்து 15 சென்ரிமீற்றர் மேலே சோக்கால் கோடு போடுங்கள். பின்காலுக்குப் பின்முட்டிலிருந்து, அதாவது பின்னங்காலின் நடு மூட்டிலிருந்து, அதே அளவு.
- நான்கு காலையும் சதுரமாக நிறுத்தி, நேர் பின்னாலிருந்து புகைப்படம். இரண்டு இடுப்பு முனையும் ஒரே மட்டமா?
- மெல்லோட்டத்துக்கு (படி 5) வந்த பிறகு, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தொலைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்த வீடியோ.

வீடியோவில் தலையைப் பாருங்கள். எந்த முன்னங்கால் ஊன்றும்போது தலை மேலே தூக்குகிறதோ, நோவு அந்தக் காலில். தலை தாழ்ந்து இறங்குவது நல்ல காலில். பின்னங்காலுக்கு, எந்தப் பக்கத்து இடுப்பு கூடுதலாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம். அளவுகளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுங்கள். தினமும் எடுத்தால் சின்ன மாற்றங்கள் மனத்தைக் குழப்பும்.

இடமும் நேரமும்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நீளமான கரை இருப்பதைப் பார்த்து எல்லாப் பயிற்சியையும் அங்கேயே செய்ய ஆசை வரும். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். காய்ந்த தளர்மணலில் குளம்பு ஒவ்வொரு அடிக்கும் புதையும், தசைநாண் இழுபடும். தொடக்கத்தில் அது கூடவே கூடாது. ஈர மணல் இறுக்கமானது, ஆனால் நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அந்த இறுகிய பட்டை ஒடுங்கியது, அதுவும் கடலை நோக்கிச் சரிந்தது. சரிவில் கரையோரமாக நடக்கும் குதிரைக்குக் கடல்பக்கக் கால் எப்போதும் பள்ளத்தில். சமப்படுத்த வந்த இடத்திலேயே கோணலை வளர்க்கலாமா? முதல் 6 கிழமை மட்டமான, இறுகிய மண் தரையில் நடத்துங்கள். ஊர் மைதானம் அல்லது வண்டி குறைந்த மண் ஒழுங்கை போதும். கரைக்குப் போவது அளப்பதற்கு மட்டும். கரைவலை இழுக்கும் நேரத்தில் அதற்கும் போக வேண்டாம், கயிறு காலில் சுற்றும்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்றும் வெக்கையும் சேர்ந்து குதிரையை வாட்டும். காலை 5.45க்குத் தொடங்கி 7.30க்குள் முடியுங்கள். வேலை முடிந்து 10 நிமிடத்தில் நாடி நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்க வேண்டும். ஓய்வில் அது 28 முதல் 44. வியர்வையில் போகும் உப்புக்கு 400, 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம் சாதாரண உப்பு தீனியில், பக்கத்தில் எப்போதும் தண்ணீர். மாரியில், கார்த்திகை, மார்கழி மழைக்கு மைதானம் சேறாகும். அந்த நாட்களில் நிற்கிற இடத்துப் பயிற்சியோடு நிறுத்தி, குளம்புக் குழியை நாளுக்கு இருமுறை சுரண்டி உலர்த்துங்கள். இல்லாவிட்டால் அழுகல் பிடித்து இன்னொரு நொண்டல் தொடங்கும்.

படி 1: நிற்கிற இடத்தில் (முதல் நாளிலிருந்து, வைத்தியர் சம்மதித்தால்)

கரட்டை நீளமாக நறுக்குங்கள். குதிரை நான்கு காலிலும் சமமாக நிற்க, கரட்டைக் காட்டி மூக்கை இந்த இடங்களுக்கு வரவையுங்கள்: நெஞ்சு, முன் முழங்கால்களுக்கு நடுவே, வயிற்றுப்பட்டை விழும் இடம், பின்னிடை, பின்முட்டு. கடைசி மூன்றும் இடம், வலம் இரண்டு பக்கமும். ஒவ்வோர் இடத்திலும் 5 செக்கன் நிறுத்தி, 5 தடவை. கிழமைக்கு 5 நாள், மூன்று மாதம் இப்படிச் செய்த குதிரைகளில் முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசை தடித்ததையும், இடம் வலம் வேறுபாடு குறைந்ததையும் ஸ்கானில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஓடாமல் நடக்காமல் தசை கட்டும் வழி இது, ஆதலால் சின்ன விளையாட்டென்று தள்ளிவிடாதீர்கள்.

குதிரை காலை நகர்த்தி ஏமாற்றும். கரட்டைச் சடக்கென்று இழுத்தால் தலையைச் சரித்துப் பறிக்கும், அப்போது முதுகு வேலை செய்யாது. மெதுவாக, காது இரண்டும் ஒரே மட்டத்தில்.

படி 2: கையில் பிடித்து நேர்நடை

3 மீற்றர் பருத்திக் கயிறு எடுங்கள். தும்புக் கயிறு கையையும் மூக்கையும் அறுக்கும். 50 மீற்றருக்கு இரண்டு அடையாளம் நட்டு, இடையே நேராக நடத்துங்கள்.

| கிழமை | ஒரு தடவை | நாளுக்கு |
|---|---|---|
| 1–2 | 10 நிமிடம் | 2 தடவை |
| 3 | 15 நிமிடம் | 2 தடவை |
| 4 | 20 நிமிடம் | 2 தடவை |
| 5 | 25 நிமிடம் | 2 தடவை |
| 6 | 30 நிமிடம் | 2 தடவை |

குதிரையின் தோளுக்கு நேரே நடங்கள். முன்னால் போய் இழுத்தால் கழுத்து உங்கள் பக்கம் வளையும், பாரம் எதிர்ப்பக்கத் தோளில் விழும். நாம் எல்லோரும் இடப்பக்கத்திலிருந்தே பிடித்துப் பழகியவர்கள். குதிரையின் கோணலில் ஒரு பங்கு நம்முடையது. ஒரு தடம் இடப்பக்கம் நின்று, அடுத்த தடம் வலப்பக்கம் நின்று நடத்துங்கள். முதல் சில நாள் குதிரை வெருண்டு பின்னால் பார்க்கும், பிறகு பழகிக்கொள்ளும். முனையில் திரும்பும்போது 7 மீற்றராவது அகலமாக, ஒருமுறை இடம், மறுமுறை வலம்.

ஒவ்வொரு 20 காலடிக்கும் நிறுத்துங்கள். எப்படி நிற்கிறது? காயம்பட்ட காலை முன்னே நீட்டியோ முனையில் தொட்டோ வைத்தால் ஓர் அடி முன்னே எடுக்கச் சொல்லி, நான்கும் ஊன்றியதும் மனதுக்குள் ஐந்து எண்ணி, தட்டிக் கொடுத்து நகருங்கள். காலையில் இப்படி முப்பது தடவை சமமாக நின்ற குதிரை, லாயத்திலும் சமமாக நிற்கத் தொடங்கும். மூன்றாம் கிழமையிலிருந்து வேலியோரமாக நாலடி பின்னோக்கியும் நடத்தலாம். வேலி இல்லாவிட்டால் பின்பக்கம் ஒரு பக்கமாக விலகிப் போகும்.

படி 3: தரைத்தடிகள் (கிழமை 5 முதல்)

நாலு அங்குலத் தடிமனுள்ள மரத்தடிகள். உருளாதபடி இரு முனையிலும் மணல்மூட்டை வையுங்கள். குளம்பின் கீழ் உருளும் தடி பழைய காயத்தை ஒரே நொடியில் புதுப்பிக்கும். முதலில் ஒன்று, பிறகு மூன்று, கடைசியாக ஐந்து. நடைக்கு இடைவெளி பெரிய குதிரைக்கு 80 முதல் 90 சென்ரிமீற்றர், மட்டக்குதிரைக்கு 60 முதல் 70. இடைவெளி பிழைத்தால் குதிரை இடையில் ஒரு குட்டி அடி சேர்க்கும், அல்லது தடியை இடறும்.

முதல் தடியை எந்தக் கால் முதலில் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். பத்தில் எட்டு தடவை ஒரே கால் என்றால், தொடங்கும் இடத்தை அரை அடி முன்பின் மாற்றி மற்றக் காலுக்கு முறை கொடுங்கள். தடிகளை 10, 15 சென்ரிமீற்றர் உயர்த்துவது ஏழாம் கிழமைக்குப் பிறகு.

படி 4: பெரிய வட்டம் (கிழமை 7 முதல், நடையில் மட்டும்)

முளை அடித்து 10 மீற்றர் கயிற்றால் கோடு கீறினால் 20 மீற்றர் குறுக்களவுள்ள வட்டம். அதற்குக் குறைந்தது வேண்டாம், வட்டம் சுருங்கச் சுருங்க உட்காலுக்குப் பாரம் ஏறும். நடுவில் நின்று நீளக் கயிற்றில் சுற்றி ஓடவிடுவதை இந்தக் கட்டத்தில் அடியோடு விடுங்கள். ஆறிவரும் காலுக்கு அதைவிடக் கெடுதியான வேலை இல்லை.

குதிரையின் பக்கத்திலேயே நடந்து, உட்கண்ணின் ஓரம் மட்டும் தெரியுமளவு தலையை உள்ளே வாங்குங்கள். கழுத்து தாழ்ந்து முன்னே நீள வேண்டும், உட்புறப் பின்னங்கால் வயிற்றின் நடுவை நோக்கி வர வேண்டும். ஒரு பக்கம் கழுத்து மட்டும் எளிதாக வளைந்து வெளித்தோள் தப்பிப் போகும். மறுபக்கம் குதிரை மரம்போல விறைத்து உள்ளே சாயும். எளிதான பக்கத்தில் ஒரு சுற்று, கடினமான பக்கத்தில் அரைச் சுற்றாக இரண்டு. காயக் கால் உள்ளே வரும் திசையில் முதல் கிழமை அரை வட்டம்தான்.

படி 5: மெல்லோட்டம்

மூலைக்கு மூலைக் கால்கள் சேர்ந்து விழும் ஓட்டம் இது, ட்ரொட் என்பார்கள். தசைநாண் காயத்துக்கு மூன்று மாதத்துக்கு முன் இல்லை. மற்றதற்கு வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு. 50 மீற்றர் நேர்த்தடத்தில் நாலு தடம், ஏறக்குறைய ஒரு நிமிடம். கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: இரு தட்டும் ஒரே கனத்தில் விழவேண்டும், ஒன்று கனத்தும் மற்றது மெலிந்தும் கேட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

ஒரு கிழமையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேரத்தையும் கூட்டி, தடியையும் உயர்த்தி, வட்டமும் தொடங்கினால், வீங்கியபோது எதனால் வீங்கியது என்று தெரியாது.

கடல் நீரில் நடை

சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாயிருக்கும்போது மட்டும். வாடைக்காலத்தில் அலையும் நீரோட்டமும் இங்கே நம்பத்தக்கதல்ல. திறந்த புண் இருந்தால் இறக்காதீர்கள். முதலில் கணுக்கால் மட்ட நீரில் 5 நிமிடம், சில கிழமைக்குப் பின் முழங்கால் மட்டம் வரை. முழங்கால் நீரில் குதிரை ஒவ்வொரு காலையும் தூக்கிவைக்கும், தோளும் இடுப்பும் கடுமையாக உழைக்கும். வெளியே பார்க்கச் சுகமாகத் தெரிவதால் பலர் நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். போன தூரமே திரும்பி வாருங்கள், அப்போதுதான் ஆழப்பக்கம் இரு காலுக்கும் மாறி வரும். முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, குளம்பில் கிளிஞ்சல் துண்டோ கண்ணாடியோ ஏறியிருக்கிறதா பாருங்கள்.

மறுபடி ஏறுதல்

சேணத்தைப் போட்டுப் பின்னாலிருந்து பாருங்கள், நடுக்கோட்டில் இருக்கிறதா, வற்றிய தோள்பக்கம் சரிகிறதா? சரிந்தால் அந்தப் பக்கம் மெல்லிய கம்பளித் துண்டு வைத்து மட்டமாக்குங்கள்; தசை நிரம்ப நிரம்ப அதைக் குறைக்க வேண்டும். மெலிந்த, சமநிலை தெரிந்த ஒருவர், 10 நிமிடம், நடையில். கடற்கரையில் சவாரிக்கு விடும் குதிரையென்றால் நாள் முழுக்க இடப்பக்கத்திலிருந்தே ஆட்கள் தொங்கி ஏறுவார்கள், தோள்மேடு முறுகும். ஒரு மரமேடை செய்து, முறைவைத்து இருபக்கத்தாலும் ஏற்றுங்கள்.

மறுநாள் காலை, தீனி வைப்பதற்கு முன், நான்கு காலையும் வெறுங்கையால் தடவிப் பாருங்கள். சூடோ புதிய வீக்கமோ தெரிந்தால் 15, 20 நிமிடம் குளிர்நீர் ஊற்றி, அன்று ஓய்வு கொடுத்து, ஒரு கிழமை பின்னோக்கிப் போங்கள். இரண்டாம் நாளும் சூடு இருந்தால் வைத்தியரை அழையுங்கள்.